வெள்ளாமை செய்யாதவர்களின் விண்ணப்பம்

பட்டதாரிகள் எல்லோருக்கும் வேலை என்று அரசாங்கம் ஒரேயடியாக எங்களை உள்ளே எடுத்த வருடம், கல்முனைக்குத் தெற்கே ஓர் அலுவலகத்துக்குப் பதினான்கு பேர் புதிதாகப் போய்ச் சேர்ந்தோம். அங்கே எங்களுக்கென்று இருந்தவை ஒன்பது கதிரைகள். முந்தி வருபவருக்குக் கதிரை. பிந்தி வருபவர் புத்தகத்தில் ‘வெளிக்கள வேலை’ என்று எழுதிவிட்டு வேப்ப மரத்துக்குக் கீழே போய் நிற்க வேண்டும். நான் மருதமுனையிலிருந்து சைக்கிளில் வருவேன். வழியில் காற்று எதிர்த்தடித்தால் அன்றைக்கு எனக்கு வெளிக்கள வேலைதான்.

நாடு கடனில் படுத்த வருடத்தில் அந்தக் கதிரைப் பிரச்சினை தானாகத் தீர்ந்தது. பெற்றோல் இல்லாததால் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களுக்கும் செய்ய எதுவும் இல்லை. றோட்டுத் திட்டம், கோழிக்குஞ்சுத் திட்டம், மலசலகூடத் திட்டம் எல்லாவற்றுக்கும் காசு நின்றுவிட்டது. அப்போதுதான் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சனங்கள் மனம் தளராமல் இருக்க ஒவ்வொரு பிரிவிலும் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த வேண்டுமாம்.

எங்கள் பொறுப்பதிகாரி தம்பிலுவில்காரர். நல்ல மனிதர், ஆனால் சுற்றறிக்கை என்றால் நடுங்குவார். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து இறங்கியவர், எங்கள் பதினான்கு பேருடைய தனிப்பட்ட கோவைகளையும் எடுத்து மேசையில் பரப்பினார். என்னுடையதில் வரலாறு சிறப்புக்கலை என்றும், ஆய்வுக் கட்டுரை இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட அமெரிக்கப் பொருளாதார நெருக்கடி பற்றியது என்றும் இருந்தது. அதை எழுதிய காலத்தில் அது எனக்கு எதற்காவது உதவும் என்று நான் நினைத்ததே இல்லை.

“மிஸ், அமெரிக்காக்காரன் விழுந்து எழும்பின கதைதானே நீங்க படிச்ச. அதச் சொல்லுங்க. சனத்துக்கு ஒரு தெம்பு வரும்” என்றார்.

கூட்டம் ஒரு விவசாய அமைப்பின் மண்டபத்தில் நடந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது. மண்ணெண்ணெய்க்கு டோக்கன் கொடுக்கப் போகிறார்கள் என்று யாரோ கதை கட்டியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். முன்வரிசையில் வயல்காரர்கள். இரசாயனப் பசளையை நிறுத்திய பிறகு ஒரு போகம் கருகிப்போய், அடுத்த போகத்தில் யூரியாவும் இல்லாமல் உழவு மெசினுக்கு டீசலும் இல்லாமல் வயலைச் சும்மா விட்டவர்கள் அவர்கள்.

நான் வங்கிகள் இழுத்து மூடப்பட்டதைச் சொன்னேன். வேலையில்லாதவர்கள் சூப்புக்கு வரிசையில் நின்றதைச் சொன்னேன். வரிசை என்றதும் சிலர் தலையாட்டினார்கள். விலை விழுந்ததால் பண்ணைக்காரர்கள் பாலை றோட்டில் ஊற்றினார்கள் என்றபோது, பால்மாவுக்கு மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு வந்திருந்த ஒரு பெண் என்னை நம்பாத பார்வை பார்த்தார். புதிய ஜனாதிபதி வந்தார், வங்கிச் சட்டம் வந்தது, அணை கட்டினார்கள், காடு வளர்த்தார்கள், முதியோருக்கு ஓய்வூதியம் வந்தது என்று அடுக்கிக்கொண்டு போனேன். பின்வரிசை எழும்பத் தொடங்கியது.

அப்போதுதான் அதைச் சொன்னேன். அந்த நாட்டில் விளைச்சல் மிதமிஞ்சி விலை விழுந்துவிட்டபடியால், பயிரிடாமல் நிலத்தைச் சும்மா விட்ட விவசாயிகளுக்கு அரசாங்கமே பணம் கொடுத்தது.

எழும்பியவர்கள் திரும்ப இருந்துவிட்டார்கள்.

விளைச்சல் மிதமிஞ்சியது என்பதை நான் இன்னும் இரண்டு தடவை சொன்னேன். ஒருவருக்கும் அது காதில் விழவில்லை. வளர்ந்து நின்ற பருத்தியையும் உழுது மண்ணோடு புரட்டச் சொல்லிப் பணம் கொடுத்தார்கள் என்றேன். பிறகு ஒரு சங்கடமான இடத்துக்கு வந்தேன். இறைச்சி விலையைத் தூக்குவதற்காக அரசாங்கம் விலைக்கு வாங்கிக் கொன்றவை பன்றிக் குட்டிகள். பக்கத்துச் சுவர் பள்ளிவாசலுடையது. நான் ‘சிறிய கால்நடைகள்’ என்று சொல்லிவிட்டேன்.

இறைச்சிக்கடை வைத்திருந்த ஒருவர் அது ஆடா என்று கேட்டார். ஆடு மாதிரி என்றேன். ஆட்டைக் கொன்று வீணாக்கிய நாடு எப்படி உருப்பட்டது என்று அவர் மிகவும் கவலைப்பட்டார். இரண்டு நாளில் யாரோ கைபேசியில் தேடிப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அவர் அலுவலகத்துக்கே வந்து, பன்றி என்றால் அவர்கள் செய்தது சரிதான், மிஸ் அதை மறைத்திருக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கு முந்தியே இன்னொருவர் வந்திருந்தார். ஐம்பது வயது கடந்த வயல்காரர், அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று அழைக்கக்கூடியவர், மெலிந்த மனிதர், வெள்ளைச் சேட்டின் மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தார். கையில் நாலாக மடித்த கடதாசி.

“தங்கச்சி, விதைக்காட்டித் தாற சல்லிக்கு இஞ்சதானே எழுதிக் குடுக்கிற?” என்று கேட்டார்.

அது அமெரிக்காவில், அதுவும் தொண்ணூறு வருடத்துக்கு முந்தி நடந்தது என்று நான் விளக்கினேன்.

“ஓம், தெரியும். நீங்கதானே சொன்னீங்க. இஞ்ச எல்லாம் பிந்தித்தானே வாற” என்றார்.

அவருடைய விண்ணப்பம் அழகான கையெழுத்தில் இருந்தது. இன்ன வயல் வட்டையில் தனக்குரிய மூன்று ஏக்கரிலும் இந்தப் போகம் தான் எதையும் விதைக்கவில்லை என்றும், அரசாங்கம் விரும்பினால் அடுத்த போகமும் விதைக்காமல் விடத் தயாராக இருப்பதாகவும் எழுதியிருந்தார். நான் அதை அதிகாரியிடம் கொண்டுபோனேன். அப்படி ஒரு திட்டம் இல்லை என்று திருப்பிக் கொடுப்பார் என நினைத்தேன். அவர் நெடுநேரம் யோசித்தார். ஏற்கச் சொல்லியும் சுற்றறிக்கை இல்லை, மறுக்கச் சொல்லியும் சுற்றறிக்கை இல்லை. மறுத்துவிட்டு நாளைக்குத் திட்டம் வந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். பிறகு திகதி முத்திரை குத்திப் பதியச் சொன்னார்.

முத்திரை குத்திய பிரதி ஒன்று ஊருக்குள் போனால் போதுமல்லவா. அடுத்த கிழமை எங்கள் ஜன்னலுக்கு முன்னால் வரிசை. பெற்றோல் வரிசையில் நின்றவர்கள்கூட, இந்த வரிசை கெதியாக நகர்கிறது என்று இங்கே மாறி வந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் நூல் கிடைக்காமல் இரண்டு தறியிலும் நெய்யவில்லை என்று எழுதிக் கொடுத்தார். தோணிக்காரர் ஒருவர் மண்ணெண்ணெய் இல்லாமல் கடலுக்குப் போகவில்லை என்றும், பிடிக்காத மீனின் நிறையைத் தன்னால் சரியாகச் சொல்ல முடியாது என்றும் எழுதினார். இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், தமக்குச் சொந்தமாக வயலே இல்லாதபடியால் நாற்பது வருடமாக இடைவிடாது பயிரிடாமல் இருந்த அனுபவம் தமக்கு உண்டு என்று குறிப்பிட்டிருந்தார். அவர் பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை, பிரதிக்கு முத்திரை கேட்டார்.

கோவைக்கு ‘பயிரிடாமை’ என்று பெயர் வைத்தோம். படிவம் வேண்டுமே என்று என்னோடு வேலை செய்த ஒருவர் பழைய பயிர்ச்செய்கைப் படிவத்தை எடுத்துத் திருத்தினார். ‘பயிரிடப்படாத பயிரின் வகை’ என்று ஒரு நிரல். ‘எதிர்பார்க்கப்படும் விளைச்சலின்மை’ என்று இன்னொன்று. நாங்கள் இரண்டு பேரும் அதைச் சிரிக்காமல்தான் தட்டச்சுச் செய்தோம். அன்றைய நாட்களில் அது ஒரு வேலையாக இருந்தது, அதுவே பெரிய ஆறுதல்.

மாத அறிக்கையில் அந்தக் கோவை ஒரு வரியாகப் போனதும் நிலைமை மாறியது. வெளிக்களப் பரிசோதனை உள்ள வேலைகளுக்கு மட்டும் அலுவலக மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் தரலாம் என்று ஒரு விதி இருந்தது. மற்ற எல்லாத் திட்டமும் படுத்துவிட்டபடியால், எங்கள் அலுவலகத்தில் பரிசோதிக்க மிஞ்சியிருந்தது விதைக்காத வயல்கள் மட்டும்தான். அவற்றுக்குப் பெற்றோல் அனுமதி வந்தது. திட்டம் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சையே அதன் பிறகு அதிகாரி எடுக்கவில்லை. மேலிடமோ இன்னும் ஒரு படி போய், பயிரிடாமையில் இந்த மாத இலக்கு எத்தனை வீதம் எட்டப்பட்டது என்று கேட்டு எழுதியது.

முதல் விண்ணப்பக்காரரின் வயலுக்கு நான் போனேன். கூட வேலை செய்யும் மூத்த பெண் ஒருவர், எங்கள் எல்லோருக்கும் ராத்தா, மோட்டார் சைக்கிளை ஓட்டினார். வாய்க்கால் கரையில் அதை நிறுத்திவிட்டு வரம்பால் நடந்தோம். இரண்டு பக்கமும் காய்ந்த தரை, வெடிப்பு, போன போகத்துத் தாள் ஒட்டு. அந்த மனிதர் எங்களுக்கு முன்னால் போனார். வழக்கத்துக்கு மாறாக நிறையக் கதைத்தார். மூன்று ஏக்கரையும் வரம்பிலிருந்தே கையால் காட்டி, இங்கேயே கையெழுத்துப் போட்டுவிடலாம், அங்கால் சேறு என்றார். தண்ணீரே வராத வட்டையில் எங்கே சேறு என்று ராத்தா கேட்டார்.

நாங்கள் தொடர்ந்து நடந்தோம். ஒரு மேட்டைத் தாண்டியதும், மூலையில் அரை ஏக்கரளவு பச்சை. கதிர் வெளிவரப் போகும் குடலைப் பருவத்து நெல். சாணியும் சாம்பலும் போட்டு, வடிகாலில் தேங்கிய நீரை வாளியால் இறைத்து வளர்த்திருந்தார். சுற்றிவர, உடுத்துக் கழித்த பழைய சாரத்தையும் சீமெந்துப் பையையும் கட்டி மறைத்திருந்தார். அந்த வருடம் நான் பார்த்த மிக நல்ல பயிர் அதுதான்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். களவு பிடிபட்டவரின் நிற்பு அது.

“ஊட்டுல ஆறு பேர் தங்கச்சி. திங்கிறத்துக்கு மட்டும் கொஞ்சம் போட்ட. வேற ஒண்டுக்குமில்ல” என்றார். நான் படிவத்தை எடுத்தேன். அவர் அவசரமாகத் தொடர்ந்தார். “இத எழுத வேணாம். மச்சானுக்கிட்ட ரெண்டு எருமை இரிக்கி. நாளைக்கே மிதிச்சிப் போடுறன். அமெரிக்காவிலயும் வளந்து நிண்டத்தத்தானே உழுத.”

மண்டபத்தில் பின்வரிசையை இருத்துவதற்காக நான் சொன்ன ஒரு வாக்கியம், இங்கே குடலை தள்ளி நின்ற நெல்லுக்கு மேல் எருமையை இறக்கப் பார்க்கிறது. அந்த மனிதர் சொன்னால் செய்வார். சேட்டுப் பொத்தானை மேல் வரை பூட்டிக்கொண்டு அரசாங்கத்தைப் பார்க்க வருகிறவர் அவர்.

“காக்கா, அப்படி ஒரு திட்டமே இல்ல. ஒருத்தரும் சல்லி தரப் போறதில்ல. எருமைய இறக்கிப் போடாதீங்க” என்றேன்.

அவர் என்னையும் ராத்தாவையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப சீல் குத்தித் தந்தீங்களே?”

“நீங்க கடிதம் தந்தீங்க. அதால குத்தின.”

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் வரம்பில் குந்தினார். பிறகு எழும்பிப் போய், கட்டியிருந்த சாரங்களையும் பைகளையும் ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார். வெளிப்படையாகத் தண்ணீர் இறைக்கலாம் என்றால் மத்தியானத்திலும் வரலாம், இவ்வளவு நாளும் சுபஹுத் தொழுகைக்கு முன்னாலேயே வந்து போக வேண்டியிருந்தது என்றார். ராத்தாவும் நானும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கி உதவினோம். படிவத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல், ‘விளைச்சலின்மை’ என்ற நிரலில் ‘குறைவு’ என்று எழுதினேன்.

அதிகாரியிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போனது. எருமை இறங்கியிருந்தால் என்று இரண்டு தடவை சொன்னார். அன்று பின்னேரமே ஜன்னலில் அறிவித்தல் ஒட்டினோம்: பயிரிடாமைக்குக் கொடுப்பனவு எதுவும் இல்லை, விண்ணப்பங்களை மீளப் பெறலாம். மீளப் பெற வந்தவர் அந்த வயல்காரர் ஒருவர்தான். தான் அரை ஏக்கர் வெள்ளாமை செய்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டு, அதையும் எழுத்தில் தந்தார். மற்றவர்கள் அறிவித்தலை வாசித்துவிட்டு, இப்போது இல்லை என்றுதானே போட்டிருக்கிறது, கடிதம் அங்கே கிடக்கட்டும் என்று போய்விட்டார்கள். ஆசிரியர் மட்டும் அறிவித்தலில் இருந்த எழுத்துப் பிழையைப் பேனாவால் திருத்தினார்.

பெரும்போகத்துக்கு யூரியா வந்தது. முழுக்க இல்லை, ஆனால் வந்தது. மழைக்கு முந்திய ஒரு காலையில் அந்த வட்டையிலிருந்து ஏழெட்டுப் பேர் அலுவலகத்துக்கு வந்து ஜன்னலுக்கு முன்னால் ஒதுங்கி நின்றார்கள். பசளைப் பிரச்சினையாக்கும் என்று எழும்பிப் போனேன். அவர்களில் மூத்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“மிஸ், இந்தப் போகம் நாங்க விதைக்கலாமா?”

விதைக்கலாம் என்றேன். தாராளமாக விதைக்கலாம் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை எழுத்தில் தர முடியுமா என்று மூத்தவர் கேட்டார். நான் உள்ளே போய் அதிகாரியிடம் சொன்னேன். இந்த முறை அவர் சுற்றறிக்கை எதையும் தேடவில்லை. கடிதத் தலைப்புத் தாள் ஒன்றை எடுத்து, விதைக்கலாம் என்று தன் கையாலேயே எழுதி, எத்தனை பிரதி வேண்டும் என்று அவர்களைக் கேட்டு வரச் சொன்னார்.