உருண்டைக்குள் எட்டாத காற்று

அம்பிட்டியவிலிருந்து பஸ் ஏறும்போதே எனக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும். பேராதனைப் பக்கம் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில், இறப்பர் ஆலைக் கழிவுநீரில் இருக்கும் அமோனியாவைத் தின்னும் பற்றீரியாக்களை ஜவ்வரிசி மாதிரியான ஜெல் உருண்டைகளுக்குள் அடைத்து வளர்த்துக்கொண்டிருந்தோம். கண்ணாடித் தொட்டியின் அடியிலிருந்து பம்ப் காற்று ஊதும். காற்றில்லாமல் அவை செத்தால் மறுபடி வளர்க்க மாதக்கணக்காகும். என் பட்ட ஆய்வுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

அன்று தண்ணீரில் ஒட்சிசன் ஏறக்குறைய முழுதாக இருப்பதாக மீற்றர் காட்டியது. ஆனால் பற்றீரியாக்கள் தின்னவேயில்லை; அமோனியா வாடை மூக்கைத் துளைத்தது. இதற்கு மேல் என்ன எழவைத்தான் கொடுப்பது? எரிச்சலில் பம்பைக் கூட்டினேன். உருண்டைகள் மோதி உடைந்து தண்ணீர் கலங்கியது.

என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்து அக்கா ஓடி வந்தார். "ஐயோ, பம்பைக் குறைச்சு விடும்! எல்லாத்தையும் நொறுக்கப் போறீர்."

ஓர் உருண்டையை எடுத்து பிளேடால் வெட்டினார். ஓரத்தில் மட்டும் பற்றீரியா வளர்ந்த மெல்லிய பழுப்பு வளையம். நடு வெளிறிக் கிடந்தது.

"உருண்டை பெரிசு, உள்ளுக்குக் காத்துப் போகேல்லை" என்றார்.

மெல்லிய ஊசி அடிக்கடி அடைக்கிறது என்று சலித்துப்போய், தடித்த ஊசியால் ஜெல்லைச் சொட்டவிட்டது நாங்கள்தான். குண்டு குண்டாக விழுந்ததைப் பார்த்து எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம் வேறு.

"எல்லாம் செத்துப் போச்சாக்கா?"

"தெரியேல்லை. கரைச்சுப்போட்டுத் திரும்பச் சொட்டுவம்."

கரைப்பதா! மிச்சமிருக்கும் உயிரும் போய்விட்டால்? வேறு வழியும் இல்லை. ஜெல்லைக் கரைத்து, பற்றீரியாவைப் பிரித்தெடுத்து, புதிய ஜெல்லில் கலந்து, மெல்லிய ஊசியால் கடுகளவாகச் சொட்டினோம். அடைத்த போதெல்லாம் ஊசியைத் திட்டித் தீர்த்தேன்.

மறுநாள் காலை வந்து பார்த்தால், மீற்றரில் ஒட்சிசன் இறங்கிக்கொண்டிருந்தது. பதறிப்போய் பம்பில் கையை வைத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கக்கா, மூச்சு முட்டிச் சாகுது!"

"இல்லையப்பா. இவ்வளவு நாளும் எடுக்க ஆளில்லாமல்தான் காத்து தண்ணியில அப்பிடியே கிடந்தது. இப்ப எடுக்குதுகள்."

இலக்கம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.