இரண்டு நிலையத்துக்கும் எழுதிய துண்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் யார் செத்தாலும் ரேடியோவுக்கு எழுதுவது நான்தான். ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தூக்கியவள், ஆனாலும் என் எழுத்து நிமிர்ந்து நிற்கும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வராது, எழுதச் சொன்னால் அந்தக் கஷ்டமில்லை. செத்தவருடைய பேர், எந்தத் தோட்டம், யாருடைய தகப்பன், யாருடைய மாமியார், அடக்கம் எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் பதுளைக்குப் போகிற பஸ்ஸில் யாராவது கொண்டுபோவார்கள். மறுநாள் காலை ஆறரைக்கு வாசிப்பார்கள். வேலைக்குப் பேர் போடுகிற பெரட்டுக்குப் புறப்படுவதற்கு முன்னால், வரிசை வீடுகளான லயம் முழுக்க அதைத்தான் கேட்கும். ஊவா முழுக்கச் சிதறிக் கிடக்கிற சொந்தக்காரர்களுக்கு வேறு எப்படித் தெரியும்? பள்ளத்தில் இருக்கிற தோட்டங்களில் போனுக்குச் சிக்னல் வருவது மழை மாதிரி, அதன் இஷ்டம்.

பதுளையில் அப்போது இரண்டு நிலையங்கள். ஊர் சின்னது, விளம்பரம் கொடுக்கிற கடைகளும் கொஞ்சம்தான். தோட்டத்துச் சனம் எந்த நிலையத்தைக் கேட்கிறதோ அதற்குத்தான் கடைக்காரர்கள் விளம்பரம் கொடுப்பார்கள். நாங்களோ சாவு வாசிக்கிற நிலையத்தைத்தான் கேட்போம். அதனால் இரண்டும் எங்கள் சாவுக்குப் போட்டி போட்டன. பழைய நிலையம் ஒரு தடவை வாசித்தால் புதியது இரண்டு தடவை வாசிக்கும். பழையது மணியடித்து வாசித்தது, புதியது தேவாரம் போட்டது. என்னோடு கொழுந்தெடுத்த ஒருத்தி சொல்வாள்: "உசுரோட இருக்கையில நம்ம பேர எவன் சொன்னான்? செத்தா மட்டும் ரெண்டு ரேடியோவும் போட்டி போட்டுக் கூப்புடுது."

அப்போதிருந்துதான் ஒரே சாவுக்கு இரண்டு துண்டு எழுதும் பழக்கம் வந்தது. ஒருவன் விட்டாலும் மற்றவன் விடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

புதிய நிலையத்தின் முதலாளி எங்களுக்குக் கீழ் டிவிஷனில், லயத்தில் பிறந்தவர்தான். வாகனச் சாமான் கடை போட்டு மேலே வந்தவர். ஒரு நாள் பழைய நிலையத்தையும் அவரே வாங்கிவிட்டார். அது எங்களுக்குத் தெரியாது. ரேடியோவில் பேர் இரண்டு, பாட்டு இரண்டு. நிலையம் இருந்த மாடியில் மட்டும் ஒரே அறை, ஒரே மேசை. நாங்கள் வழக்கம்போல இரண்டு துண்டு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அந்த மழைக்காலத்தில் ஒரு பகல் என் தங்கச்சி செத்துப்போனாள். புருஷனை இழந்து என் பக்கத்துக் காம்பராவில் இருந்தவள். நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை.

எங்களுக்கு ஒரே அண்ணன். அப்புத்தளைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் தனியாக இருக்கிறார். போன் வைத்துக்கொள்ள மாட்டார், ரேடியோதான் நாள் முழுக்கப் பாடும். எங்கள் முறையில் ஒரு பொம்பளை செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். அண்ணன் கொண்டுவந்த புதுச் சேலையைப் போர்த்தாமல் உடம்பை எடுக்கக் கூடாது. நேரில் ஆள் அனுப்பவா என்று சாவுக் காரியங்களைப் பார்க்கிற மரணாதார சங்கத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். மண் சரிகிற பாதையில் எதற்கு, இரண்டு துண்டு போயிருக்கிறதே என்றேன். அந்தத் தப்பு என்னுடையது. மற்றதெல்லாம் என்னுடையதல்ல.

காலையில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து ரேடியோ கேட்டேன். சவர்க்காரம் விற்றார்கள். பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். மற்ற நிலையத்துக்குத் திருப்பினேன், அங்கேயும் பாட்டு. பகலிலும் வாசிக்கவில்லை. நாலு மணிக்கு எடுக்க இருந்ததை ஐந்தரை வரைக்கும் வைத்துப் பார்த்தோம். பனி இறங்கி மயானத்துப் பாதை மறைந்ததும் பெரியவர்கள் எடுக்கச் சொன்னார்கள். என் பெட்டியிலிருந்த சேலையைத்தான் அவள் மேல் போட்டேன். அது கோடி ஆகாது. எல்லோருக்கும் தெரியும்.

வெலிமடைச் சந்தைக்குப் போய்வந்த ஒருவர் சொல்லி, நாலாம் நாள் அண்ணன் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்: "எனக்குச் சொல்லணும்னு ஒனக்குத் தோணலயா?"

துண்டு அனுப்பினேன் என்றேன். அவர் நம்பவில்லை. அன்றைக்கு முழுக்க ரேடியோவை அணைக்கவேயில்லையாம்.

"நான் செத்தா யாருக்கும் எழுதாத. எங்கூடப் பொறந்தவ ஒருத்திதான். அவ போயிட்டா."

தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் பதுளைக்குப் போய் அந்த மாடிப்படி ஏறினேன். சாவு வாசிக்கிற பிள்ளைதான் மேசையில் இருந்தது. குனிந்துகொண்டே சொன்னது: ஒரே பேரில் இரண்டு துண்டு இருந்திருக்கிறது, மற்ற நிலையத்தில் வாசித்திருப்பார்கள் என்று இந்தப் பக்கம் விட்டிருக்கிறார்கள், அந்தப் பக்கமும் அப்படியே. அதோடு அந்த மாதத்திலிருந்து காலையில் சாவு வாசிக்கவே கூடாதென்று உத்தரவாம்.

உள் அறையிலிருந்து முதலாளி வந்தார். நான் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"காலங்காத்தால தோட்டத்துச் சாவ வாசிச்சா டவுன்ல எவன் ரேடியோ போடுவான்? மத்தியானம் ஒருக்கா வாசிக்கச் சொல்லியிருக்கேன்."

"மத்தியானமும் வாசிக்கலீங்க ஐயா."

"அப்ப விட்டுப் போயிருக்கும். போங்க பெரியம்மா. வாசிச்சிருந்தா மட்டும் அவங்க எந்திரிச்சா வரப்போறாங்க?"

அங்கே இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் படி இறங்கினேன். எனக்கு உடனே பேச வராது. ஆனால் மறக்கவும் வராது.

அடுத்த வருஷம் அப்புத்தளைப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு நிலையம் வந்தது. சின்னது. கரகரவென்றுதான் கேட்கும். சாவு வாசிக்கிற பிள்ளையும் முதலாளியோடு ஒத்துவராமல் அங்கே போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு நான் ஒரே ஒரு துண்டுதான் எழுதினேன். தலையில் அந்த நிலையத்தின் பேர்.

பக்கத்து டிவிஷன்களில் துண்டு எழுதுகிறவர்கள், எப்படி எழுதுவது என்று என்னிடம் மாதிரி கேட்டு வருவார்கள். முறைப்படி எழுதி, அந்தப் பேரையும் தலையில் போட்டே கொடுத்தேன். முதலாளியைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் தப்பாகப் பேசவில்லை. கேத வீடுகளில் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதினேன், அவ்வளவுதான். அறிவித்தல் போன இடத்துக்குக் காதுகளும் போயின. பஸாரில் இருக்கிற பெரிய புடவைக் கடையின் விளம்பரத்தை அந்தக் கரகர நிலையத்தில் முதன்முதலாகக் கேட்ட அன்று, டாக்டர் வேண்டாமென்று சொன்ன சீனியை இரண்டு கரண்டி போட்டுத் தேத்தண்ணி குடித்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் ஜீப் எங்கள் லயத்துக்கு ஏறி வந்தது. கையில் பிஸ்கட் பெட்டி. காலையிலேயே சாவு வாசிக்கிறோம், நீங்கள் சொல்லுகிற நேரத்தில் வாசிக்கிறோம் என்றார். நானும் லயத்தில் பிறந்தவன்தானே என்றார். நான் உட்காரச் சொல்லவில்லை.

"என்னதான் வேணும் பெரியம்மா, சொல்லுங்க."

"எங்க அண்ணன்கிட்ட வந்து, தப்பு எங்க பக்கம்தான்னு சொல்லணும் தம்பி."

"அதுக்கென்ன, ரேடியோவுலயே சொல்லிடலாமே."

"எங்க அண்ணன் இப்ப ஒங்க ரேடியோ கேக்குறதில்ல."

அவர் பிஸ்கட் பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அடுத்த ஞாயிறு வந்தார்.

ஜீப்பின் பின் சீட்டில் நான் போனேன். அண்ணன் வீட்டுக்கு ஜீப் போகாது, செம்மண் சேற்றில் நடக்க வேண்டும். முதலாளி வெள்ளைச் சப்பாத்துப் போட்டு வந்திருந்தார். வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார். அண்ணனுக்குக் காது மந்தம். "என்னா?" என்று கேட்டார். முதலாளி மறுபடி கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அண்ணன் காதில் கையை வைத்துக்கொண்டு மறுபடியும் "என்னா?" என்றார். லயத்துச் சனமெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"ஒங்க தங்கச்சி ரெண்டு துண்டு அனுப்புனாங்க. நாங்கதான் வாசிக்கல. எங்க தப்புதான்."

இந்தத் தடவை கோயில்வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "உள்ள வா, தேத்தண்ணி ஊத்துறேன்" என்றார்.

ஒரு மணி நேரம் உள்ளே இருந்தேன். தங்கச்சி எப்படிப் படுத்தாள், கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்று அண்ணன் ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் சொன்னேன், இரண்டு பேரும் அழுதோம். முதலாளி வெளியே நின்றுகொண்டேயிருந்தார்.

திரும்பும் வழியில்தான் கேட்டார்: "இனி துண்டு நம்மளுக்கு வரும்தானே பெரியம்மா?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவர் வாய் திறந்து கேட்டது அப்போதுதான். மன்னிப்புக் கேட்டால் துண்டு வரும் என்று நான் ஒருபோதும் வாக்குக் கொடுத்ததில்லை.

அந்த வாரமே மேல் லயத்தில் ஒரு கிழவர் தவறிப்போனார். அவர் மருமகள் பேப்பரும் பேனாவும் கொண்டுவந்து வைத்து, முதலாளி மன்னிப்புக் கேட்டாராமே, இனி எந்த நிலையத்துக்கு எழுதுவது என்று கேட்டாள். அப்புத்தளை நிலையத்துக்கே என்று சொல்லி எழுதத் தொடங்கினேன்.