கிணற்றில் விட்ட ஆறு மீன்கள்

தெருமுனைக் கடையில் இப்போது கப்பி மீன்களை பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். வாங்கிப்போகிறவர்களிடம் மோட்டார், விளக்கு, வண்ணக்கல், ஒரு பிளாஸ்டிக் கோட்டை எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறார்கள். மீனுக்குக் கோட்டை எதற்கு என்று கேட்டால் கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார். நல்ல தண்ணீரும் கொஞ்சம் பாசியும் இருந்தால் கப்பி உயிரோடு இருக்கும். இதை எந்தப் புத்தகத்திலும் படித்து நான் சொல்லவில்லை.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் எங்கள் அலுவலகக் காகிதங்களில் அதற்குக் கப்பி என்ற பெயரே கிடையாது. "கொசுப்புழு தின்னும் மீன்" என்றுதான் எழுதுவோம். நான் அப்போது ராஜபாளையத்தில் சுகாதார ஆய்வாளர். மலைக்காய்ச்சல் என்கிற மலேரியா பரவிய வருடம் அது. கிணறுகளில் மீன் விடுவதும், வெள்ளிக்கிழமைதோறும் வீடுகளில் தேங்கிய தண்ணீரையெல்லாம் கவிழ்த்துக் காயவைப்பதும் எங்கள் வேலை. அந்த உத்தரவின் தமிழ் வாசகம் நான் எழுதியது. "எவருடைய வீட்டுக்கும் விலக்கு இல்லை" என்ற கடைசி வரியை யாரும் கேட்காமலே நானாகச் சேர்த்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

அந்த வருடம்தான் என் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். ஸ்ரீவில்லிபுத்தூர், ஏழு மைல். அவள் தகப்பனார் மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர். ஒருநாள் காலையில் பஸ் கண்டக்டர் ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பெண் குழந்தை, நிலைமை சரியில்லை, உடனே வரவும் என்று மாமனார் எழுதியிருந்தார்.

முன் அனுமதி இல்லாமல் தலைமையிடத்தை விட்டு நீங்கக் கூடாது என்பது விதி. மேலதிகாரி கூமாப்பட்டியில் முகாம். நான் விண்ணப்பம் எழுதி, காரணம் காட்டி, சைக்கிளில் ஆள் அனுப்பிவிட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தேன். அனுமதி மறுநாள் மதியம் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தில் மண் ஈரமாக இருந்தது. ஒரு முழம் நீளம்கூட இல்லை அந்த மேடு.

பிற்பாடு மேலதிகாரி கேட்டார்: "போயிட்டு வந்து எழுதிக் குடுத்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

என் மனைவி அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீங்க எங்க இருந்திய?" நான் விதியைச் சொன்னேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும் என்று நினைத்து, எத்தனையாவது விதி என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஐந்து மாதம் அப்படியே போனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய கரி பஸ் ஏறிப் போவேன். மாமியார் சோறு போடுவார். "லீவு கேட்டுட்டுத்தான வந்திய மாப்ளே?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். என் மனைவி உள்ளறையில் இருப்பாள். குழந்தை யார் ஜாடை, முடி இருந்ததா, அழுததா, ஒன்றும் எனக்குத் தெரியாது. பார்த்தவர்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளிடம் கேட்கும் உரிமையை நானே எழுதிக் கொடுத்துவிட்டது போல இருந்தது.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிணறுகளுக்கும் மீன் விடச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. மாமனார் வீட்டுப் புறக்கடைக் கிணறும் பட்டியலில் இருந்தது. மண்பானையில் மீனைக் கொண்டுபோய், வாளியில் வைத்து மெல்ல இறக்கினேன். பானைத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். மாமியார் எட்டிப் பார்த்து, இது எந்தக் காலத்தில் குழம்புக்குக் காணப்போகிறது என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் என் மனைவி வந்து நின்றாள். மெலிந்திருந்தாள்.

"உள்ள போயிட்டா பொறவு எப்படிப் பாக்க?" என்றாள்.

பார்க்க முடியாது என்றேன்.

"பாக்குற மாதிரி வைக்க ஏலாதா?"

"நம்ம வீட்டுல கண்ணாடித் தொட்டியில வச்சிருக்கேன். வந்து பாரு."

என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் சொன்ன முதல் பொய் அது. அவள் உள்ளே போனாள். அடுத்த ஞாயிறு மாமியார்தான் சொன்னார்: மறு வெள்ளிக்கிழமை அனுப்பி வைக்கிறேன், இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டு வரட்டும்.

எனக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது, தொட்டி இல்லை. சம்பளம் அரிசிக்கே இழுத்துப் பிடித்த காலம். மில்லில் கழித்துப் போட்டிருந்த பேட்டரிக் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். சதுரமானது, ஒரு மூலை உடைந்தது. அமிலம் போக வேண்டுமே. சோடா உப்பில் ஊறவைத்து நாளுக்கு இரண்டு தடவை கழுவினேன். அய்யனார் கோவில் ஆற்றிலிருந்து மணல் அள்ளிவந்து, கலங்காத தண்ணீர் வடியும்வரை அலசினேன். கண்மாயில் பாசி கிடைத்தது. என் வீட்டுக் கிணற்றுக்கு மீன் ஆறு என்று ரிஜிஸ்தரில் எழுதி, ஆறையும் புறக்கடைத் தொட்டியில் விட்டேன்.

தீனிக்கு ஒரு வழிதான் தெரிந்தது. பக்கத்திலேயே இரண்டு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைத்துக் கொசுப்புழு வளர்த்தேன். ஊரார் வீட்டுச் சிரட்டைகளை உதைத்துக் கவிழ்க்கிறவன், விடியற்காலையில் சொந்தச் சிரட்டையில் புழு நெளிகிறதா என்று குனிந்து பார்ப்பேன். நெளிந்தால் சந்தோஷமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமைக்கான விடுப்பை ஒரு வாரம் முன்பே எழுதி வாங்கிவிட்டேன். அந்த ஏற்பாட்டில் நான் மறந்தது ஒன்றே ஒன்று, அது வெள்ளிக்கிழமை என்பது.

மூன்று மணிவாக்கில் அவளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கயிறு போட்டுக் கட்டிய அவளுடைய தகரப் பெட்டியை வாசலிலேயே வைக்கச் சொன்னாள். நேரே புறக்கடைக்குப் போனாள். துவைக்கிற கல்லின்மேல் கண்ணாடித் தொட்டி கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது. துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். பக்கத்தில் இரண்டு சிரட்டையும் கவிழ்ந்திருந்தன. எங்கள் சுகாதார மேஸ்திரி, பாராட்டுக்காகக் காத்து நின்றார்.

"விலக்கு கிடையாதுன்னு ஐயாதான எழுதியிருக்கிய. ஐயா வீட்டுலயே புழு கிடந்தா ஊரு என்ன பேசும்? அதான் வெளிய தெரியாம முடிச்சிட்டேன்."

மீன் எங்கே என்று கேட்டேன்.

"ரிஜிஸ்தர்ல கிணறுன்னு இருக்கு. ஆனா தொட்டியில கிடந்துச்சு. எண்ணிப் பாத்து ஆறையும் கிணத்துல விட்டுட்டேன் ஐயா. கணக்கு சரியாப் போச்சு."

அவரை என்ன சொல்வது? நான் எழுதியபடிதான் செய்திருந்தார். என் மனைவி அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"உங்களுக்கு ஏத்த ஆளுதான்," என்றாள்.

இதோடு பெட்டியைத் தூக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கிணற்றுச் சுவரில் கையூன்றி வெகுநேரம் உள்ளே பார்த்தாள். பிறகு ஒரு பழைய மல் துணி கேட்டாள். வாளியில் அடிப்பக்கம் ஓட்டை போட்டுத் துணியைக் கட்டினாள். என் கிணற்றுக் கயிறு கனம், வாளி ஆடுகிறது என்று சொல்லி, வாசலுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் திரும்பக் கட்டிவிடுவாளோ என்று பயம்.

இரண்டு நாள் முடிந்தது, மூன்றாவது நாளும் வாளி இறங்கியது. வெயில் தண்ணீரில் நேராக விழும்போதுதான் மீன் மேலே வரும் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். அதை அவளே முன்பே கண்டுபிடித்திருந்தாள். மாமியாரிடமிருந்து ஆள் வந்தது. மீன் ஒன்றாவது கிடைக்கட்டும், பிறகு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். அதைக் கேட்டதிலிருந்து மீன் கிடைக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஒரு அரசாங்க ஊழியன் செய்யக்கூடாத பிரார்த்தனைதான்.

ஒன்பதாம் நாள் கிடைத்தது. நிறம் இல்லாத பெட்டை, வயிறு பெருத்தது. வாலில் வண்ணம் தீட்டிய ஆண் மீன்கள் ஐந்தும் கிணற்றிலேயே தங்கிவிட்டன. மணலும் பாசியும் மறுபடி போட்டு, தொட்டியை நிரப்பினாள். அது முட்டையிடாது, குஞ்சாகவே போடும் என்பது எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லத்தான் நான் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாள் எனக்காக நிற்கவில்லை. நாலைந்து நாள் கழித்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது, அவள் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தாள். கையில் கரண்டி. பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் கிண்ணம்.

"பெத்ததும் ஒண்ணைத் தின்னுட்டு. மீதிய எடுத்துட்டேன்."

அது இயற்கை, பாசி அடர்த்தியாக வைத்தால் குஞ்சு ஒளிந்து பிழைக்கும் என்று அலுவலகக் குறிப்பில் உண்டு. அது தொண்டைவரை வந்தது. எப்படியோ சொல்லாமல் உட்கார்ந்தேன்.

கிண்ணத்தில் ஏழு குஞ்சு. ஊசி முனையளவு உடம்பு, மிச்சமெல்லாம் கண்.

"கண்ணு மட்டுந்தான் இருக்கு, பாருங்க," என்றாள். பிறகு கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "நம்ம பிள்ளைக்கும் கண்ணு பெருசு. மூக்கு உங்க மூக்கு. முடி நிறைய."

நான் கிண்ணத்தின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"கண்ணத் திறந்து வாசலையே பாத்துட்டுக் கிடந்துச்சு." என் முகத்தில் என்ன கண்டாளோ, கரண்டியைக் கீழே வைத்தாள். "எல்லாப் பிள்ளையும் வெளிச்சம் வார பக்கந்தான் பாக்குமாம். நர்ஸம்மா சொன்னாவ."

வேறு என்ன பார்த்தாய் என்று கேட்டேன். விரல் எப்படி, காது எப்படி, அழுத சத்தம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிலதை இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். அவள் சொன்னதையெல்லாம் சேர்த்து ஒரு முகம் ஆக்கப் பார்த்தேன். கண் வந்தது, முடி வந்தது, முகம் வரவில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்ட இந்த வயதிலும் அது வரவில்லை. சில நாள் குஞ்சு மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வந்துவிடும் போல இருக்கும்.

இரண்டு மணிக்கு மேஸ்திரி வந்து கதவைத் தட்டினார். அலுவலகத்தில் காகிதங்கள் காத்திருப்பதாகச் சொன்னார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். லீவு என்று எழுதவா என்று கேட்டார்.

ஒன்றும் எழுத வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.