ஒரே வாய், ரெண்டு வாய்

மேடைப் பேச்சை மொழிபெயர்த்துப் பிழைப்பவனுக்குக் கைதட்டலில் பங்கு கிடையாது, ஏச்சில் மட்டும் முழுப் பங்கு உண்டு.

சண்டை முடிந்த பிறகு புத்தளம் பக்கம் மேடைகள் பெருகின. சிலாபத்திலிருந்து வரும் ஒரு பாராளுமன்ற உறுப்பினருக்குச் சிங்களத்தில் பேச்சு எழுதிக் கொடுப்பது என் வேலை. எங்கள் ஊர்களுக்கு வந்தால் அதை அங்கேயே தமிழில் சொல்வதும் நான்தான். அவரை நான் ‘சேர்’ என்பேன், அவர் என்னை ‘மாஸ்டர்’ என்பார். அவருக்குப் பிடித்த தலைப்பு சமத்துவம். என்னைப்போலப் பிறருக்கு வாயாக இருந்து நொந்துபோன சகோதரர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல, சேர்ந்து நோவோம் என்றுதான் எழுதுகிறேன்.

வாளிகள்

தொழிலுக்காகப் பழைய பேச்சுகளை நிறையப் படித்தேன். அடிமைகளை விடுவிக்கக் கேட்ட பேச்சு, பெண்களுக்கு வாக்குக் கேட்ட பேச்சு, அமெரிக்காவில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனியாக இருந்த தண்ணீர்க் குழாய்களை ஒன்றாக்கக் கேட்ட பேச்சு. எல்லாவற்றிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. ஒரு வாக்கியத்தை ஒரே மாதிரித் தொடங்கித் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். கேட்பவன் நெஞ்சு அந்தத் தாளத்துக்குப் பழகியதும் கடைசியில் ஒரு கேள்வியைப் போடுவார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

குழாய்க் கதையை எழுதிக் கொடுத்தேன். சேர் வாகனத்தில் வாசித்துக்கொண்டே வந்தார், கண் கலங்கிவிட்டது. அப்போது, சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்களின் குடியிருப்பு வந்தது. பக்கத்து ஊருக்குக் குழாய்த் தண்ணீர் உண்டு. அந்தக் குழாய் குடியிருப்பின் எல்லையில் இருக்கும் மதகோடு நின்றுவிடும். குடியிருப்பில் கிணறெல்லாம் உப்பு. பெண்கள் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டிக்காக வாளிகளைப் பாதையில் வரிசையாக வைத்திருந்தார்கள். சாரதி ஹோர்ன் அடித்தான். சேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அந்த வாளிகளக் கொஞ்சம் ஒதுக்கச் சொல்லுங்க மாஸ்டர், நான் வாசிச்சுக்கொண்டிருக்கிறது தெரியல்லியா?”

ஆமீன்

அதே குடியிருப்பில், அந்தி மஃரிப் தொழுகை முடிந்த கையோடு கூட்டம். சேர் அடுக்கினார். எல்லோரும் சமமாக வாழ வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டும், எல்லா வீட்டுக்கும் நல்ல தண்ணீர் வர வேண்டும். நானும் தமிழில் ஒவ்வொரு ‘வேண்டும்’முக்கும் குரலை ஏற்றிக்கொண்டே போனேன். துஆ கேட்டு வேண்டும்போது பள்ளிவாசல் ஹஸரத் குரலை ஏற்றினால் எங்கள் ஆட்களுக்கு வாய் தானாகத் திறந்துவிடும். கூட்டம் முழுக்க “ஆமீன்” என்றது. அடுத்த வரிக்கும் ஆமீன், அதற்கடுத்ததற்கும் ஆமீன்.

சேர் மைக்கைப் பொத்திக்கொண்டு என்னவென்று கேட்டார். இதையெல்லாம் தரச் சொல்லி அல்லாஹ்விடம் கேட்கிறார்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “அப்ப நல்லது மாஸ்டர், என்னட்டக் கேக்கல்லத்தானே?”

ரஹீமா ராத்தா

அன்று ஆமீன் சொல்லாமல் நின்ற ஒரே ஆள் ரஹீமா ராத்தா. புருஷன் இல்லை, நஸ்ரின் என்றொரு மகள் மட்டும். ராத்தாவுக்குச் சிறுநீரகம் பழுது. உப்புத் தண்ணீர் வாயில் படக்கூடாது என்று சிலாபம் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். குழாய் கேட்டுப் போன இடத்திலெல்லாம் ஒரே பதில்: நீங்கள் மன்னாருக்குத் திரும்பிப் போகிற ஆட்கள்தானே, உங்களுக்கு எதற்குக் குழாய்? மன்னாருக்குப் போய்ப் பார்த்தால், அவருடைய காணி காடாகிக் கிடந்தது. வெட்டப் போனவர்களை வன இலாகாக்காரர்கள் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

சேர் மேடையை விட்டு இறங்கும்போது ராத்தா வழியை மறித்தார். வரலாற்றுப் பேச்சு ஒன்றும் படித்தவரல்ல. ஆனால் நான் தலையைப் பிய்த்துக்கொண்டு தேடும் அந்தத் தாளம் அவர் வாயில் தானாக வந்தது. “மதகுக்கு அங்கால குடிக்கிறதும் வாய்தான், இங்கால குடிக்கிறதும் வாய்தான். வோட்டுக் கேக்க வந்தா எல்லாம் ஒரே வாய். தண்ணி தாறதுக்கு மட்டும் ரெண்டு வாயா சேர்?”

நல்ல வசனம்

ஒரு வரி விடாமல் சிங்களத்தில் சொன்னேன். சேர் ராத்தாவின் முன்னால் கைகூப்பினார். நானும் நம்பிவிட்டேன், பேச்சு வேலை செய்துவிட்டது என்று.

வேலை செய்யத்தான் செய்தது. அடுத்த கூட்டம் சிலாபத்தில். மீன் சந்தைப் பக்கம் நல்ல சனம். சேர் என் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, ஒரே வாய், ரெண்டு வாய் என்று முழங்கினார். அப்படியொரு கைதட்டலை நான் கேட்டதில்லை. பிறகு அது ஊரூராகப் போனது, போஸ்டரிலும் ஏறியது. அந்த மனுஷி இன்னும் பவுசருக்குக் காத்திருக்கிறார், பவுசர் வராத நாளில் உப்புக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார், குழாய்க்கு ஏதாவது செய்யுங்கள் என்று சேரிடம் பலமுறை கேட்டேன். ஒருநாள் தோளில் தட்டினார். “அவவிட்ட இன்னும் இப்பிடி வசனம் இருந்தாக் கேட்டுக்கொண்டு வாங்க மாஸ்டர்.”

பவுசர்

கேட்கப் போகவில்லை. அதற்குள் ராத்தா மவுத்தாகிவிட்டார்.

ஜனாஸா அடக்கத்துக்குச் சேர் வருகிறார் என்று செய்தி போனதும், காலையிலேயே பவுசர் வந்து அந்த வாசலில் நின்றது, வாய் நிறையத் தண்ணீரோடு. உள்ளே பெண்கள் ராத்தாவின் மய்யித்தைக் குளிப்பாட்டினார்கள். வெளியே சேர் சோகமாகப் பேசினார். முடிவில் ராத்தாவின் வசனத்தையே எடுத்தார். சொல்லிவிட்டு, தமிழில் சொல்லும்படி என்னைப் பார்த்தார். ராத்தாவின் சொல்லை ராத்தாவின் வீட்டு வாசலிலேயே, அவருக்குக் குழாய் தராதவருடைய வாயிலிருந்து வாங்கித் திருப்பிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். ஒருவரும் ஆமீன் சொல்லவில்லை.

அப்போது நஸ்ரின் வாசலுக்கு வந்தாள். கையில் வாளி, தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. சேரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். “குளிப்பாட்டி முடிஞ்சிட்டு நாநா. உம்மாக்குத் தேவையானதுக்கு மேலேயே தண்ணி இருக்கு, பவுசரக் கொண்டுபோகச் சொல்லுங்க.”

அந்த வசனம் இன்றைக்கும் மேடை மேடையாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது, குழாய் மட்டும் மதகைத் தாண்டவில்லை.