கடலை எண்ணெய் குடித்த ஜப்பான் வண்டி

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் ஏலம் உண்டு. பூசணிக்காய், சேவல், தேங்காய் என்று அவரவர் காணிக்கையாகக் கொண்டுவந்ததை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். ஒரு எலுமிச்சம்பழத்துக்காக இரண்டு பெரிய மனிதர்கள் வீம்புக்கு ஏற்றிக்கொண்டே போய், முறைத்துக்கொண்டு வீடு திரும்புவதும் பண்டிகையில் சேர்த்திதான். எழுபதுகளின் கடைசியில், நான் சித்தூரில் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு வருடம் பூசணிக்காய்களுக்குப் பக்கத்தில் ஜப்பான் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. நின்றது என்பது மரியாதைக்குச் சொல்வது. வேப்பமரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

கொடுத்தவர் சபை மூப்பர். எண்ணெய் மில் வைத்திருந்தவர். ஊரில் முதன்முதலாக ஜப்பான் வண்டி ஓட்டியவர் என்று பெயர். அது ஓடாமல் போய், மில் கொட்டகையில் பல வருடம் கிடந்தது.

"தம்பி, நீ கைய தூக்காத. இதுல பெடல் இருக்காது," என்றார், சைக்கிளில் ஆபீஸ் போகிற என்னைப் பார்த்து. எல்லோரும் சிரித்தார்கள். நான் கையைத் தூக்கினேன். எனக்கு எதிராக ஒருவரும் கேட்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என் மனைவிக்கு அப்போது மூன்று மாதம். கடுகு தாளித்தாலே கொல்லைக்கு ஓடுகிற மசக்கை. அந்தக் கொல்லையில்தான் நான் வண்டியைப் பிரித்தேன்.

ஜப்பான் ஸ்க்ரூவின் தலையில் சிலுவைபோல வெட்டு இருக்கும். நம் ஊர் ஸ்க்ரூடிரைவர் அதில் சரியாக உட்காராது. முதல் நாளே நாலு தலைகளை மழுக்கிவிட்டு, உளியால் தட்டி எடுத்தேன். காற்று வடிகட்டியில் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. புழுக்கை, பஞ்சு, கரப்பான் முட்டை. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். சீட்டுக்குக் கீழே ஆயில் டப்பா இருந்தது. மற்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளைப்போல இதற்குப் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டியதில்லை. டப்பாவில் ஊற்றினால் வேண்டியதை இஞ்சினே எடுத்துக்கொள்ளும். மூடியைத் திறந்தேன். பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஏதோ நூல் விட்டது. வாடை குப்பென்று மூக்கில் ஏறி, அடுத்த ஞாயிறு வரை இறங்கவில்லை. காறிப்போன கடலை எண்ணெய்!

மூப்பரிடமே போய்க் கேட்டேன்.

"மில்லுல எண்ணெ ஆறா ஓடிக்கினு இருக்குது, நான் போய் கடையில வாங்குவனா? பிஸ்டனுக்கு தெரியுமா தம்பி, எது எந்த எண்ணென்னு?"

பிஸ்டனுக்குத் தெரிந்திருந்தது. ரிங்குகள் அதோடு பசை போட்டதுபோல ஒட்டிக் கிடந்தன. புகை போகிற துவாரம் சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு அடைத்திருந்தது. பத்து வருடம் கழுவாத வாணலியின் அடியைச் சுரண்டுவதுபோலச் சுரண்டினேன். "மூப்பர் இத்தன நாளா பஜ்ஜி சட்டிய ஓட்டியிருக்காரு," என்று ஆபீசிலும் சபையிலும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இவ்வளவு படித்த நான் அந்தத் தப்பைச் செய்வேனா என்ன?

சைலன்சரில் படிந்த கரியை எடுக்க, அதைத் தீயில் போட்டுச் சுட வேண்டும். தெருவே கறிச்சோறு தின்கிற ஞாயிறு மத்தியானத்தில் சுட்டேன். உள்ளே இரண்டு எலிகள் செத்துக் கிடந்தது எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, கருவாடு சுடறீங்களா? அத இப்டியா கெடவுட்டு துன்னுவாங்க!"

என் மனைவி அன்று நாலு முறை வாந்தி எடுத்தாள். சாயங்காலம் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"நீங்க அந்த வண்டியோடயே குடும்பம் நடத்துங்க. நாத்தம் போனா வந்து கூப்புடுங்க. இல்லன்னா புள்ள பொறந்து, அது நடக்க ஆரம்பிச்சி, அதுவே வந்து உங்கள பாத்துக்கும்."

பாலசமுத்திரத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்தடுத்து மூன்று கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. கடிதமும் நாறியிருக்கும்.

தனியாகச் சமைத்தேன். சோற்றில் கடலை எண்ணெய் வாடை, சோப்பில் அதே வாடை, தலையணையிலும் அதே. சீயக்காய், சாம்பல், எலுமிச்சை எல்லாம் தேய்த்தும் என் கையை நானே முகர முடியவில்லை. ரிங் தேடித் திருப்பதிக்குப் போனேன். வேறு வண்டியின் ரிங்தான் கிடைத்தது, அரத்தால் ராவிப் பொருத்திக்கொள்ளலாம் என்று வாங்கினேன். திரும்பி வந்த பஸ்ஸில் மொட்டைத் தலைகளும் சந்தனமுமாக நிற்கக்கூட இடமில்லை. என் பக்கத்து சீட் மட்டும் சித்தூர் வரை காலி.

ஒரு மாதத்தில் வண்டி உறுமியது. வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்து வரை பவுடர் அடித்து, அவளை அழைத்துவரக் கிளம்பினேன். பாதி வழியில் குனிந்து பார்த்தால் ஆயில் டப்பா காலி. டப்பாவிலிருந்து இஞ்சினுக்குப் போகிற டியூபில் இருந்த ஓட்டையைச் சோப்பு வைத்து அடைத்திருந்தேன். சோப்பு கரைந்து, ஆயில் முழுக்க என் பேன்ட்டில். ஆயில் இல்லாமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சோப்பை மறுபடி வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டு, வழியில் இருந்த ஒரே பெட்டிக்கடையில் கேட்டேன்.

"வண்டி ஆயிலா? லேதுண்ணா. கடல எண்ணெ கீது, வெளக்கெண்ணெ கீது. ஏதி காவாலி, எது வோணும்?"

மூப்பர் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. விளக்கெண்ணெயை நினைத்ததும் சின்ன வயதுப் பேதி ஞாபகம் வந்தது.

"கடல எண்ணெ," என்றேன், தாழ்ந்த குரலில்.

பாலசமுத்திரத்தில் நுழைந்தபோது பின்னால் வெள்ளைப் புகை. தெருமுனையிலேயே வாடை என்னை முந்திக்கொண்டு போயிருக்க வேண்டும். மாமியார் வெளியே வந்து, "மாப்ளே, சூடா பஜ்ஜி வாங்கியாந்தீங்களா?" என்று ஆசையாகக் கேட்டார். அந்த நிமிடம் இஞ்சின் கிரீச்சென்று இறுகியது. வண்டி நின்றது. நான் நிற்கவில்லை. எருக்குழி வரை போனேன்.

என் மனைவி சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தாள்.

"நாத்தம் போச்சா?"

"போச்சு," என்றேன், எருக்குழியில் உட்கார்ந்தபடி.

அவள் சிரித்திருக்கலாம், மூக்கோடு வாயையும் பொத்தியிருந்ததால் தெரியவில்லை. "ஓடுமா இது இனிமே?"

"ஓடாது."

"சத்தியமா?"

"பைபிள் மேல."

"அப்ப சரி. எங்க நைனா கோழிங்க அது மேல ஒக்காந்துக்கட்டும். நீங்க போய் குளிங்க. கடைசி பஸ்ஸுக்குள்ள எத்தன தடவ முடியுமோ அத்தன தடவ."

மூன்று முறை குளித்தேன். மாமனாரின் வேட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் முன்னால் பெண்கள் சீட்டில், நான் கடைசி சீட்டில், அவள் உத்தரவுப்படி. கண்டக்டர் வந்து என் காலுக்குக் கீழே குனிந்து தேடினார். "எண்ணெ டின்னுக்கு தனி டிக்கெட் சார்," என்றார்.

முன் சீட்டில் அவள் தோள் குலுங்கியது. இந்த முறை வாந்தி இல்லை.