முரேனியா நாட்டு அரசியல்

மாரித்தாய் ஒரு நாட்டைப் பெற்றது விரல் தவறியதால்தான்.

தென்காசியில் அவளுக்கு ஜெராக்ஸ் கடை. டைப்பிங்கும் செய்வாள். வரலாற்றில் பி.ஏ. முடித்து, அரசு வேலைப் பரீட்சைகளை வயது வரம்பு தாண்டும்வரை எழுதிப் பார்த்தவள். அது கைகூடாமல் போனதும், மற்றவர்கள் எழுதும் பரீட்சைக்குக் கேள்வித்தாள் அடித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். பக்கத்துத் தெருவில் கோச்சிங் சென்டர் நடத்தும் நம்பிராஜன் சார்தான் நிரந்தர வாடிக்கையாளர். அவர் கேள்வியும் எழுதுவார், விடையும் எழுதுவார். தவறான விடைகளில் இரண்டை எழுதுவதற்குள் கை ஓய்ந்துவிடும்.

"நாலாவதுக்கு நீயே ஏதாவது போட்டுரு மாரித்தாயி. தப்பா இருந்தா சரி" என்பார்.

ஒருநாள் ருமேனியா என்று அடிக்கப் போனவள் 'முரேனியா' என்று அடித்துவிட்டாள். திருத்தப் போனாள். பார்க்கப் பார்க்கப் பெயர் பிடித்துப் போயிற்று. தப்பாகத்தானே இருக்க வேண்டும், இதைவிடத் தப்பு எங்கே கிடைக்கும் என்று அப்படியே விட்டாள்.

அடுத்த வாரமே கடையநல்லூரிலிருந்து படிக்க வரும் அஃப்ரின் நகல் எடுக்க வந்த இடத்தில் கேட்டாள்.

"யக்கா, முரேனியா எங்கன இருக்கு? மேப்புல தேடித் தேடிக் கண்ணு போச்சு."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மெஷின் சூடாக நேரமாகும், வெளியே சாரல் வேறு. மாரித்தாய் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"சின்ன நாடுட்டி. மேப்புல அது மேல பேர எழுதினா நாடு மறைஞ்சிரும். அதான் போடல."

அன்று தொடங்கியது. முரேனியாவில் மலையில் இருப்பவர்களுக்கு மேட்டுமொழி, கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் கரைமொழி. ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. இரண்டு கூட்டமும் ஓயாமல் அடித்துக்கொண்டதால் கொம்பன் என்ற ராஜா ஒரு சட்டம் போட்டார்: யாரைத் திட்டினாலும் அவருக்குத் தெரியாத மொழியில்தான் திட்ட வேண்டும். அரசாங்க மொழிபெயர்ப்பாளர் நடுவில் நின்று விளக்குவார். இவன் "மடப்பயலே" என்பான். அவர், "ஐயா இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம் என்கிறார்" என்பார். அதற்கப்புறம் சண்டையே கிடையாது. கூட்டாட்சி வந்த கதை வேறு. ராஜாவின் சொந்தக்காரர்களுக்கு ஒரே மாகாணத்தால் சோறு போட்டுக் கட்டுபடியாகவில்லை. மாகாணங்கள் ஒன்றுகூடி, முறை வைத்து ராஜாவை விருந்துக்கு அழைப்பதென்று ஒப்பந்தம் போட்டன.

அஃப்ரின் போய்த் தோழிகளைக் கூட்டி வந்தாள். கடையில் கூட்டம் சேர்ந்தது. வகுப்புக்குள் மேட்டுக்கட்சி, கரைக்கட்சி என்று இரண்டு அணியே உண்டாகிவிட்டது. நம்பிராஜன் சாருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

அவருக்குத் தெரியவந்தது மாதிரித் தேர்வில். 'இரண்டு ஆட்சிமொழிகள் கொண்ட கூட்டாட்சி முடியாட்சி எது?' என்று கேட்டிருந்தார். விடை கனடா. நாலாவதாக மாரித்தாய் வழக்கம்போல் முரேனியாவைப் போட்டிருந்தாள். மொத்த வகுப்பும் முரேனியாவையே எழுதியிருந்தது.

சார் கடைக்கே வந்துவிட்டார்.

"நீ வந்து உன் வாயாலயே சொல்லு. அப்படி ஒரு நாடே கிடையாதுன்னு."

மாரித்தாய் வகுப்பில் போய் நின்றாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கரும்பலகைக்கு இந்தப் பக்கம்.

"முரேனியான்னு ஒரு நாடு கிடையாது பிள்ளைகளா. நான்தான் சும்மா சொன்னேன். கனடாதான் சரி."

வகுப்பு அதை ஏற்கவில்லை.

"கனடாவுல ராஜா எந்த ஊர்ல இருக்காரு சார்?" அஃப்ரின் எழுந்து கேட்டாள்.

"லண்டன்ல."

"கனடாவுக்கு ராஜா லண்டன்லயா?"

"ஆமா. வேற பல நாட்டுக்கும் அவருதான் ராஜா."

"அங்கன இருந்தே ஆளுதாரா?"

"ஆள மாட்டாரு. அவருக்குப் பதிலா ஒருத்தர் இருக்காரு. அவரும் ஆள மாட்டாரு."

அஃப்ரின் பணிவாகச் சொன்னாள்: "சார், ரெண்டுல ஒண்ணு கட்டுக்கதைன்னா அது கனடாதான் சார்."

நம்பிராஜன் சார் சிரிப்பை அடக்க டஸ்டரை எடுத்து, சுத்தமாக இருந்த பலகையை அழித்தார். முடியவில்லை. மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாரித்தாய்க்கு அப்போதுதான் உயிர் வந்தது. இனி கேள்வித்தாளில் முரேனியா வரக்கூடாது, கடையில் எவ்வளவு வேண்டுமானாலும் வரலாம் என்று இருவரும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள்.

சீசன் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்பிள்ளைகள் அவளையும் இழுத்துக்கொண்டு குற்றாலத்துக்குக் குளிக்கப் போனார்கள். அருவியில் நனைந்து வெளியே வந்து பார்த்தால், கம்பித் தடுப்பில் ஒரு கொடி தொங்குகிறது. பாதி பச்சை, பாதி நீலம், நடுவில் திறந்த வாய் ஒன்று, மொழிபெயர்ப்பாளரின் வாயாம். அஃப்ரினின் தையல் வேலை.

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டே வந்தார்.

"இது எந்தக் கட்சிக் கொடி? இங்கன கட்டக் கூடாது."

"கட்சி இல்ல சார், நாடு" என்றாள் அஃப்ரின்.

"நாடா? வெளிநாட்டுக்காரங்களா நீங்க? பாஸ்போர்ட் இருக்கா?"

"பாஸ்போர்ட் இல்ல சார். தூதரகம் தென்காசியில இருக்கு. ஜெராக்ஸ் கடை."

போலீஸ்காரரின் முகம் மாறியது. தலைமுடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட மாரித்தாய் முன்னால் வந்தாள். பயம் இருந்தது. ஆனாலும் பேசினாள்.

"சின்னப் பிள்ளைக விளையாட்டு சார். ரெண்டு மொழி, கூட்டாட்சி, ராஜா, எல்லாம் நான் கட்டிவிட்ட கதை. கொடியை இப்பவே அவுத்துருதோம்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிள்ளைகள் கொடியை அவிழ்த்து மடித்தார்கள். பிரச்சினை முடிந்ததென்று எல்லோரும் நகரும்போது, அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யம்மா, அந்த நாட்டுல போலீசுக்கு வாராவாரம் லீவு உண்டா?"

"உண்டு சார்" என்றாள் மாரித்தாய். "ஆனா மேட்டுமொழியில ஞாயிறுன்னும், கரைமொழியில திங்கள்னும் எழுதி வச்சிட்டாவ. எது சரின்னு இன்னும் தீர்ப்பு வரல. அதுவரைக்கும் ரெண்டு நாளும் லீவுதான்."

போலீஸ்காரர் விரலை மடக்கி இரண்டு நாளையும் எண்ணிப் பார்த்தார்.

"தீர்ப்பு மெதுவாவே வரட்டும்" என்று சொல்லிவிட்டு, தடையை மீறி அருவியில் சோப்புப் போட்டுக் குளித்த ஒருவரை நோக்கி விசில் ஊதிக்கொண்டு போனார்.