ஏரியில் விழுந்த கரண்டி

வதனி ஏன் வாயைத் திறந்தாள்?

நான்கு மாதமாக இதை யோசிக்கிறேன். சிட்னியில், பரமட்டாவில் எங்கள் வாடகை வீட்டுக் குசினியில் அடுப்படியில் நின்று இன்றைக்கும் யோசித்தேன்.

நேற்றுப் பகல் நடந்ததைக் கேளுங்கள். மகள் வதனி பிளாஸ்டிக் உடுப்புக் கூடைக்குள் மகாராணிபோல இருக்கிறாள். அவளுடைய அப்பா கூடையைக் கயிற்றில் கட்டிக் குசினித் தரையில் இழுக்கிறார். நான் சோற்றுக் கோப்பையுடன் பின்னால் ஓடுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி ஜன்னலால் இதைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரையை இழுத்து மூடிவிட்டார்!

எப்படி இந்த நிலைக்கு வந்தோம்?

வதனிக்குப் பதினான்கு மாதமானபோது யாழ்ப்பாணம் புறப்பட்டோம். மாமி பேத்தியை அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தார். வழியில் டில்லியில் கணவருக்கு ஒரு வார வேலை. அது முடிந்ததும், இமயமலை அடிவாரத்தில் ஓர் ஏரிக்கரையில் இரண்டு நாள் தங்கலாம் என்றார். "இவ்வளவு தூரம் வந்திட்டு மலையைப் பாக்காமல் போறதோ?"

நான் பிள்ளை வளர்ப்பையும் பரீட்சைக்குப் போல மனப்பாடம் செய்தவள். சிட்னி கிளினிக்கில் தாதி சொன்னவை என் வேதம். சாப்பாட்டு நேரம் தவறக்கூடாது. கரண்டியால் மட்டுமே ஊட்ட வேண்டும் - கை கூடவே கூடாது. கதிரையில் இருத்தித்தான் கொடுக்க வேண்டும்.

நேரம் தவறக்கூடாதே என்று நான் என்ன செய்தேன் தெரியுமா? டில்லியில் இறங்கியும் கைக்கடிகாரத்தை மாற்றவேயில்லை! சிட்னி நேரம் அப்படியே ஓடியது. டில்லிக்காரர் காலைத் தேநீர் குடிக்கும்போது என் பிள்ளைக்கு மத்தியானச் சாப்பாடு. அவர்கள் மத்தியானம் சாப்பிடும்போது அவளுக்கு இராச் சாப்பாடு. காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்...

வதனி வாயைப் பூட்டிக்கொண்டாள். பால் மட்டும் குடித்தாள். ஒரு நாளா, இரண்டு நாளா? ஆறு நாள்! சிட்னியிலிருந்து சுமந்துவந்த குழந்தை உணவு டின்கள் பெட்டியில் கனத்தன. பிள்ளை என் இடுப்பில் கனக்கவில்லை.

ஏரிக்கு வந்த அன்று கணவர் சொன்னார்: "நாளைக்கும் இப்பிடியெண்டால் டில்லிக்குத் திரும்பி டொக்டரிட்டைக் காட்டுவம்." எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிற மனிதர். அதைச் சிரிக்காமல் சொன்னார்.

மறுநாள் காலை படகில் ஏறினோம். சுற்றிலும் பைன் மரங்கள். துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்கும் அமைதி. நான் எங்கே ஏரியைப் பார்த்தேன்? பிள்ளையின் கழுத்தெலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடு ஏரியில் படகோட்டி துடுப்பை வைத்துவிட்டு ஒரு துணி முடிச்சை அவிழ்த்தார். இரண்டு ரொட்டி, ஓர் அவித்த உருளைக்கிழங்கு, கொஞ்சம் உப்பு. வதனி என் மடியிலிருந்து கையை நீட்டினாள்.

"இஞ்சேரும், கேக்கிறாள்! குடும்!"

"இப்ப நேரமில்லையப்பா. இன்னும் ரெண்டு மணித்தியாலம் கிடக்கு."

"எந்த ஊர் நேரம்?"

"...சிட்னி."

"சிட்னியிலை இருந்து ஆர் இப்ப வந்து பாக்கப்போகினம்?"

"கிழங்கு அவிச்ச தண்ணி நல்லாக் கொதிச்சதோ தெரியேல்லை..."

படகோட்டிக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் விஷயம் விளங்கிவிட்டது. கிழங்கை ரொட்டியில் வைத்து நீட்டினார். நான் கைப்பையைத் திறந்து, கொதிநீரில் போட்டெடுத்துச் சுத்தமான லேஞ்சித் துணியில் சுற்றியிருந்த கரண்டியை எடுத்தேன். கிழங்கில் ஒரு துளி எடுத்து நீட்டினேன். வதனி ஓங்கி ஒரு அடி!

'களக்.'

கரண்டி பச்சைத் தண்ணீருக்குள் மினுங்கி மினுங்கி இறங்கியது. எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

"போச்சு," என்றார் கணவர். "கதிரை இல்லை, நேரம் இல்லை, இப்ப கரண்டியும் இல்லை. இனி உமக்குக் கைதான்!"

விரலால் பிசைந்தேன். நீட்டினேன். வதனி பார்த்தாள்... வாயைத் திறந்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான் நிறுத்தினால் "ஆ, ஆ" என்று அதட்டினாள். முழுக் கிழங்கும் முடிந்தது. ரொட்டியிலும் பாதி போயிற்று! படகோட்டி வெறுந்துணியை உதறிக் காட்டிச் சிரித்தார். நான் படகில் எழுந்து நின்று கூவிவிட்டேன். ஆம், நான்தான்!

"இரும், இரும்! எல்லாரும் கரண்டியைத் தேடிக் கீழை போகப்போறம்!"

கரைக்கு வந்ததும் கடிகாரத்தை இந்திய நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். பெட்டியிலிருந்த டின்களை எடுத்துவந்து, கரையில் நின்ற படகோட்டியின் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அவர்கள் ஒரு வாய் ருசித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... பாவம் என் வதனி, இதையா இத்தனை நாள் நீட்டினேன்?

யாழ்ப்பாணத்திலும் கையால்தான் ஊட்டினேன்; புறப்படும்போது மாமி பேத்தியைத் தூக்கி நிறை பார்த்தார். "பிள்ளையை நல்லாத்தான் பாத்திருக்கிறாய்." மாமியிடமிருந்து இப்படி ஒரு சொல்! சிட்னிக்குத் திரும்பியதும் கிளினிக் தராசும் அதையே சொன்னது. "நேரம் தவறாமல் கொடுத்ததன் பலன், பார்த்தீர்களா?" என்றார் தாதி. தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

ஆனால் வென்றது எது? கையா, கிழங்கா, நேரமா, படகா? இப்போது நேரம் சரி. கையால்தான் ஊட்டுகிறேன். கிழங்கும் அவிக்கிறேன். கதிரையில் இருத்தினால் வாய் பூட்டு! கூடையில் வைத்து இழுத்தால் திறக்கிறாள். அப்படியானால் படகுதான் என்று முடிவுகட்டினேன். ஆனால் முந்தநாள், யாரும் இழுக்காமல் நின்ற கூடையில் இருந்தபடி அப்பாவின் வெண்ணெய் பூசிய பாண் துண்டைப் பறித்துத் தின்றாளே... அதற்கு என்ன சொல்வது?

என்னைவிட அனுபவசாலிகளான வாசகர்களே, பிள்ளையைக் கூடையிலிருந்து கதிரைக்கு மாற்ற வழி தெரிந்தால் எழுதுங்கள். தாதியிடம் உண்மையைச் சொல்லலாமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தயவுசெய்து விமானத் தபாலில். எங்கள் வீட்டுப் படகோட்டிக்கு முதுகு பிடித்துவிட்டது.